மதியத்துக்காரர்களும் நாங்களும்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆண்டவர் தயவால் நானும் அப்பாவும் எழுந்து நடமாடி, வேளைக்குச் சாப்பிட்டு, சின்னச் சின்னதாகச் சண்டை போட்டுக்கொள்ளும் அளவுக்கு நலமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அதே சுகத்தோடு இருக்க வேண்டும் என்று தினமும் சொல்லிவிட்டுத்தான் விளக்கை அணைக்கிறேன். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண் தெளிந்த பிறகு வீட்டில் இருக்கிற தூசியெல்லாம் அவருக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டது, இத்தனை வருஷம் இதற்குள்ளேயா இருந்தோம் என்று கேட்டார், நான் துடைக்கிற துணியைக் கையில் கொடுத்துவிட்டேன். உன் அண்ணனுக்கு வேலை நேரம் மாறிவிட்டது, பகலில் தூங்குகிறான், அண்ணி புது இடத்தில் சேர்ந்திருக்கிறாள், அவளுடைய மேலதிகாரி நல்ல மனுஷி என்று சொல்கிறாள், எத்தனை நாளைக்கு அப்படிச் சொல்கிறாள் என்று பார்ப்போம். நான் இன்னும் பல் டாக்டர் கிளினிக்கில் காலை வேளை மட்டும் போய் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு நேரம் எழுதிக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். வாயைப் பொத்திக்கொண்டு வருகிறவர்கள் யாரும் வம்பு பேச மாட்டார்கள், அதனால் அந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது.

போன வாரம் போனில் நீ எடுத்ததும் கேட்டது, "என்னம்மா, நம்ம சர்ச்சை யாருக்கோ குடுத்துட்டீங்களாமே" என்று. பெரியப்பா மகள் சொன்னாளாம். நான் மென்று விழுங்கி, எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அது போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை, பாதியில் சிக்னல் போகும், இல்லாவிட்டால் உன் பெண் அழுவாள். அதோடு இதை யோசித்துச் சொல்லப் போட்ட குழுவுக்கு நான்தான் தலைவி, அதனால் என் வாயால் முழுசாகச் சொல்ல வேண்டும். யாருக்கும் விற்கவில்லை, யாருக்கும் தாரை வார்க்கவும் இல்லை. ஆனால் நீ விட்டுப்போன மாதிரியும் இல்லை.

நம் ஆயர் இந்த வருஷத்தோடு ஓய்வு பெறுகிறார். அவருக்குப் பிறகு நமக்கென்று தனியாக ஓர் ஆயரை அனுப்ப முடியாது என்று தலைமை அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, ஞாயிற்றுக்கிழமை எண்ணினால் நாற்பது பேர் தேறுவது கஷ்டம், அந்த ஆலயத்தைக் கட்டியவர்கள் நானூறு பேர் உட்காரக் கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் பழைய பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பதால் பார்க்கிறதற்குப் பல் விழுந்த வாய் மாதிரி இருக்கும். ஆயர் ஒரு நாள் ஆராதனை முடிந்து எல்லோரையும் உட்காரச் சொல்லி, பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய சபையோடு சேர்ந்துவிடலாம், இல்லை ஒரு ஆயரை இரண்டு சபைகளாகப் பகிர்ந்துகொள்ளலாம், இல்லை நமக்கே வேறு வழி ஏதாவது தெரிகிறதா என்று ஜெபித்து யோசித்துச் சொல்லலாம், அதற்கு ஒரு குழு வேண்டும் என்றார். நான் அந்த நேரம் பார்த்து டீக்குத் தண்ணீர் கொதித்துவிட்டதா என்று பார்க்கப் போனேன். திரும்பி வருவதற்குள் என்னைத் தலைவியாக்கி முடித்துவிட்டார்கள். யார் முதலில் பேரைச் சொன்னது என்று இன்றைக்கு வரைக்கும் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. தையல்கார அத்தைதான் சொல்லியிருப்பாள் என்று எனக்குச் சந்தேகம். உனக்குக் கல்யாணத்துக்கு வெள்ளை உடை தைத்தவளேதான், நானும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை வருஷம் என்று உனக்கே தெரியும்.

எங்களுக்கு உதவி செய்ய அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாவை அனுப்பினார்கள். இந்த மாதிரி நிலைமையில் இருக்கிற சபைகளோடு கூட உட்கார்ந்து பேசுவதுதான் அவருடைய வேலையாம். வயது என்னைவிட நன்றாகக் குறைவு. கூட்டம் தொடங்குகிறதற்கு முன்னால் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிடுவார், கூட்டத்துக்கு யார் வேண்டுமானாலும் வரலாம் என்பதால் வந்திருந்த அப்பா அதைப் பார்த்தவுடனே, இன்றைக்குச் சாப்பாடு கிடைத்த மாதிரிதான் என்று என் காதில் சொன்னார். நாங்கள் எல்லோரும் அவர் ஒரு திட்டம் கொண்டுவருவார், பிடித்தால் கை தூக்கலாம், பிடிக்காவிட்டால் முனகலாம் என்று காத்திருந்தோம். அவரோ, "நான் உங்களுக்குப் பதில் ஒண்ணும் கொண்டு வரலை, கேள்விதான் கொண்டு வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு, எல்லோரையும் கொஞ்ச நேரம் பேசாமல் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தோம். பெரியப்பா குறட்டை விட்டார். அன்றைக்கே அப்பா அவருக்குக் கேள்விக்காரம்மா என்று பேர் வைத்துவிட்டார், இப்போது அவர் முகத்துக்கு நேராகவே எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறோம், அவரும் சிரித்துக்கொள்கிறார்.

அவர் எங்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, சபையில் இருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு வரச் சொன்னார். இந்தச் சபையில் கடவுள் பக்கத்தில் இருக்கிறார் என்று உங்களுக்கு நிஜமாகத் தோன்றியது எப்போது, அது எங்கே நடந்தது, அவ்வளவுதான். வாக்குவாதம் பண்ணக்கூடாது, திருத்தக்கூடாது, காது கொடுத்துக் கேட்டுவிட்டு வர வேண்டும். நானும் தையல்கார அத்தையும் சேர்ந்து போனோம். எனக்குக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும், அத்தை என் காலை மிதித்து மிதித்து அடக்கினாள். அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணன் சொன்னார், மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சபையிலிருந்து முறை போட்டு வந்து அந்தத் தாழ்வாரத்தில் கூட உட்கார்ந்தார்களே, அப்போதுதான் என்றார். பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற பெண், சர்ச் அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டே புருஷன் விட்டுப் போனதை முதன்முதலாக ஒருத்தரிடம் வாய் விட்டுச் சொன்னேன், அப்போதுதான் என்றாள். இப்படியே வந்தது, படிக்கட்டு, அடுக்களை, தாழ்வாரம், யாரோ ஒருவருடைய வண்டியின் பின்சீட்டு. எல்லோரும் கொண்டுவந்ததைச் சேர்த்துச் சொல்லிப் பார்த்தபோது ஒரு நபர்கூட அந்தப் பெரிய ஆலயத்துக்குள்ளே என்று சொல்லவில்லை. கூரை ஒழுகுகிறதே, பெயின்ட் உரிகிறதே என்று இத்தனை வருஷம் எதற்காகக் கவலைப்பட்டோமோ அந்த இடம் யார் வாயிலும் வரவே இல்லை. அப்பா மட்டும் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். குழாய் வேலை பார்த்த கையோடு வந்து அந்த ஆலயத்தில் ஆர்கன் வாசிக்கிறவர், அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் கேள்விக்காரம்மா இன்னொன்று கேட்டார். "நாளைக்கே இந்தச் சபை இல்லாமப் போனா, உங்களைத் தவிர வேற யாருக்கு வலிக்கும்?" தெருவில் போய்க் கேட்டுப் பார்த்தோம். முடி வெட்டுகிற கடைக்காரர், "திறந்துதான் இருக்கா, நான் மூடிட்டாங்கன்னு நெனச்சேன்" என்றார். மருந்துக் கடைக்காரப் பெண்மணி, உங்கள் மதில் ஓரமாக வண்டி நிறுத்த நிழல் இருக்கும், அது போனால் கஷ்டம்தான் என்றார். சிரித்துக்கொண்டுதான் வந்தோம், வீட்டுக்கு வந்தபிறகு சிரிப்பு வரவில்லை. மறுபடி கூடியபோதுதான் யாரோ சொன்னார்கள், மதியத்துக்காரர்களுக்கு வலிக்கும் என்று.

மதியத்துக்காரர்கள் என்றால் உனக்குத் தெரியாது. நீ போனபிறகு, வேறு தேசத்திலிருந்து பிழைக்க வந்த கொஞ்சம் குடும்பங்கள் ஆராதனைக்கு இடம் கேட்டார்கள், பக்கத்தில் இருக்கிற சின்ன ஹாலை ஞாயிறு மதியத்தில் விட்டுக்கொடுத்தோம். நாங்கள் போனபிறகு அவர்கள் வருவார்கள், அவர்கள் பாஷை நமக்குப் புரியாது, நம் பாஷை அவர்களுக்குப் புரியாது. இவ்வளவு வருஷத்தில் நமக்கும் அவர்களுக்கும் இருந்த பேச்சுவார்த்தை எல்லாம் நாற்காலியை இருந்த இடத்தில் போடவும் என்று நாம் ஒட்டிவைத்த காகிதம்தான். கேள்விக்காரம்மா, "அவங்ககிட்ட யாராவது பேசியிருக்கீங்களா?" என்று கேட்டார். அடுத்த ஞாயிறு நானும் அத்தையும் வீட்டுக்குப் போகாமல் இருந்து பார்த்தோம்.

ஹாலுக்குள் கால் வைக்க இடமில்லை, மேளமும் கைதட்டலுமாக ஒரே சத்தம். தரையில் பிள்ளைகள், சுவரோரம் நின்றுகொண்டு ஆண்கள், உள்ளே இடமில்லாமல் வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தி வெளியே படியில் உட்கார்ந்து அங்கிருந்தே பாடிக்கொண்டிருந்தாள். இருபது அடி தள்ளி நம் பெரிய ஆலயம் பூட்டிக் கிடக்கிறது. அவர்களை நடத்துகிறவர் ஒரு ரொட்டிக்கடையில் மாவு பிசைகிற வேலை பார்க்கிறார், சம்பளத்துக்கு அது, ஊழியம் சம்பளமில்லாமல். அவருடைய மகள் இங்கே பள்ளிக்கூடம் படித்ததால் நம்மைவிட நன்றாக நம் பாஷை பேசுகிறாள், ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற வேலையில் இருக்கிறாள், அவள்தான் எங்களுக்குச் சொல்லிச் சொல்லிப் புரியவைத்தாள். முடிந்தபிறகு ஒரு கிழவி அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு என்னமோ கேட்டார். அந்தப் பெண் சொல்லத் தயங்கினாள், நான் வற்புறுத்தியபிறகு சொன்னாள். "உங்க ஆளுங்கள்லாம் எங்க போயிட்டாங்க, இவ்ளோ பெரிய கோயில் கட்டினவங்க எல்லாரும் செத்துட்டாங்களான்னு கேக்குறாங்க." உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது, எல்லாவற்றுக்கும் மேலே பொறாமையாக இருந்தது. அந்தக் கூட்டத்தைப் பார்த்து வயிறு எரிந்தது. அத்தை வழி முழுக்கக் காதைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். கடைசியில், "காது ரெண்டும் போச்சு" என்றாள், அவ்வளவுதான்.

பிறகு கூட்டத்துக்குக் கூட்டம் பேசிப் பேசி ஒரு யோசனை உருவானது. எந்த ஒரு ஆள் சொன்னதும் இல்லை, கரைத்த மாவு புளிப்பது மாதிரி தானாக எழும்பி வந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் போய்க் கரைந்துபோக வேண்டாம். பெரிய ஆலயத்தை மதியத்துக்காரர்களுக்குக் கொடுப்பது, காலை வேளையே அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும், நாம் சின்ன ஹாலுக்குப் போவது, இரண்டு பேருக்கும் பொதுவாக ஓர் ஆயரைக் கேட்பது, கட்டடத்தைப் பார்த்துக்கொள்ள இரண்டு பக்கத்திலிருந்தும் சமமாக ஆட்களைப் போடுவது, மாதத்தில் ஒரு ஞாயிறு எல்லோரும் ஒன்றாக ஆராதிப்பது. ஒரு வருஷம் இப்படி இருந்து பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்து, சரியாக வருகிறதா என்று பேசுவது. இடம் கொடுத்தவர்கள் நாம், இனிமேல் இடம் கேட்டு உட்காருகிறவர்களும் நாமே. இதைச் சபை முழுவதற்கும் முன்னால் வைப்பதென்று முடிவானது.

வீட்டில் ஆரம்பித்தது வேடிக்கை. அப்பா என்னோடு பேசாமல் இல்லை, ஆனால் "உங்க குழு" என்று பேச ஆரம்பித்தார். உங்க குழு எப்ப சாப்பாடு போடும், உங்க குழு சாவியை எங்க வெச்சுது. நான் சிரித்தால் கோபம், சிரிக்காவிட்டாலும் கோபம். ஒரு நாள் அடுக்களையில் குழாயைக் கழற்றி வைத்துக்கொண்டு, அதில் ஒரு கோளாறும் இல்லை, சும்மா கழற்றியிருக்கிறார், தலையைத் தூக்காமலே கேட்டார், "நம்ம வீட்டை நாமளே காலி பண்ணிக் குடுத்துட்டு, திண்டாடிக்கிட்டு வாசல்ல நிக்கணுமா?" நான் ஹாலில் நாற்காலி நன்றாகத்தான் இருக்கிறது, மழைக்கு ஒழுகாது என்று என்னமோ பதில் சொன்னேன். அவர் கட்டடத்தைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்தேன். கூடவே இத்தனை வருஷம் வாழ்ந்தும் அவர் எதைப் பற்றிக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை.

சபைக்கூட்டம் அன்று ரொட்டிக்கடைக்காரரையும் அவர் மகளையும் இன்னும் நாலைந்து பேரையும் வரச் சொல்லியிருந்தோம். அவர்களை எதற்குக் கூப்பிட வேண்டும், நம் விஷயத்தை நாம் பேசக்கூடாதா என்று பெரியப்பா சத்தம் போட்டார், ஆயர் அமைதியாக, அவர்களைப் பற்றிப் பேசும்போது அவர்கள் இருக்க வேண்டாமா என்று கேட்டுவிட்டு அவருக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டார். நான் யோசனையை விளக்கிச் சொன்னேன். சாவி, சுத்தம், சத்தம், டீ கப்பை யார் கழுவுவது என்று கேள்விகள் வந்தன, எல்லாவற்றுக்கும் எங்களிடம் பதில் இருந்தது. அப்போது அப்பா எழுந்தார். வீட்டில் என்னிடம் சொல்லவே இல்லை.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நான் குழாய் வேலை பார்த்தவன், எனக்குப் பேசத் தெரியாது. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எங்க அப்பா செத்தப்ப இங்கதான் பாடினோம், எங்க அம்மாவுக்கும் இங்கதான் பாடினோம். நான் வாசிக்க ஆரம்பிச்சதிலேருந்து எத்தனை பேருக்குக் கடைசிப் பாட்டு வாசிச்சிருக்கேன்னு எனக்கே கணக்கு இல்ல. இப்ப இருக்கிறவங்கள்ல பாதிப் பேர் எனக்கு முன்னாடி போயிடுவாங்க, மீதிப் பேருக்குப் பிள்ளைங்க வெளியூர்ல. நாளைக்கு நான் போனா, என் பெட்டிக்குப் பக்கத்துல நின்னு என் பாஷையில பாட யார் இருப்பா? உங்க திட்டத்துல அது எங்க இருக்கு?" கேட்டுவிட்டு உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார். சத்தம் போடவில்லை, கோபமாகவும் கேட்கவில்லை, ஒரு கடையில் விலை கேட்கிற மாதிரிதான் கேட்டார். டீ கப்புக்குக்கூட யோசித்த நாங்கள் இதை யோசிக்கவே இல்லை. அச்சக அண்ணன் மூக்கைச் சிந்தினார். நான் கேள்விக்காரம்மாவைப் பார்த்தேன், அவர் என்னைத் திரும்பிப் பார்க்காமல் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரொட்டிக்கடைக்காரர், அவர் என்ன சொன்னார் என்று தன் மகளிடம் கேட்டார். அவள் மெதுவாகச் சொன்னாள். அவர் எழுந்து, அப்பாவைப் பார்த்தே பேசினார், மகள் திருப்பிச் சொன்னாள். "எங்களுக்கும் அதே பயம்தான்னு அப்பா சொல்றாரு. ஊர்ல அவரோட அம்மா இறந்தப்ப அவரால போக முடியல. யார் பாடினாங்க, என்ன பாட்டுப் பாடினாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் அவருக்குத் தெரியாது. அதனால ஐயா கேக்குறது அவருக்குப் புரியுதாம். உங்க பாட்டை நாங்க கத்துக்கிறோம். ஆனா ஐயா இருக்கும்போதே கத்துக் குடுக்கணும். உங்க எழுத்து எங்களுக்குப் படிக்க வராது, கூட உக்காந்து வாயால சொல்லித் தரணும்." உன் அப்பா அதை முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார். அன்றைக்கு ஓட்டுக்கு விடவில்லை, ஒரு வாரம் ஜெபித்துவிட்டு வாருங்கள் என்று ஆயர் அனுப்பிவிட்டார். பஸ்ஸுக்கு நிற்கும்போது அப்பா ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "அவங்களுக்கு சுருதியெல்லாம் நிக்குமா?" என்று என்னிடம் கேட்டார். நாங்கள் கேட்ட அன்றைக்கு நின்றது என்றுதான் நினைக்கிறேன், எனக்கென்ன தெரியும் என்றேன். அதன்பிறகு "உங்க குழு" என்ற பேச்சு வீட்டில் இல்லை.

அடுத்த ஞாயிறு ஓட்டு எடுத்தோம், பெரும்பாலான கைகள் உயர்ந்தன. அப்பா கை உயர்ந்ததா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் நான் அவரை மேய்க்கிற மாதிரி ஆகிவிடும், உயர்ந்தது என்று பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். எல்லோரும் கூட வந்துவிடவில்லை மகளே, அதையும் உன்னிடம் மறைக்கக்கூடாது. பெரியப்பா வீடு முழுக்கப் பாலத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்கள். உனக்குத் தகவல் அங்கிருந்துதான் வந்திருக்கிறது, அந்தப் பெண்ணிடம் கோபித்துக்கொள்ளாதே, அவள் வீட்டில் அப்படித்தான் பேசியிருப்பார்கள். அவர்கள் போனதைக்கூட நான் தாங்கிக்கொண்டேன், ஆனால் தையல்கார அத்தையும் போய்விட்டாள். வீட்டுக்கே வந்து சொன்னாள், என்னிடமிருந்து வாங்கிய கத்தரிக்கோலை, எந்தக் காலத்தில் வாங்கியதோ, அதையும் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். "உன்மேல கோவம் எல்லாம் இல்ல. செஞ்சது சரிதான்னு எனக்கும் தெரியும். ஆனா எனக்கு வயசாயிடுச்சு, அமைதியா உக்காந்து ஜெபம் பண்ணணும், அந்தச் சத்தம் தாங்காது" என்றாள். நான் இரு, ஒரு வருஷம் பார் என்று கெஞ்சிப் பார்த்தேன். அவள் என் கன்னத்தைத் தட்டிவிட்டு, டீ குடிக்காமல் போனாள். இப்போதும் வாரத்தில் ஒரு நாள் போய்ப் பார்க்கிறேன், பேசுகிறோம், சிரிக்கிறோம், அந்த விஷயத்தைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போகிறோம். சரியான காரியத்தைச் செய்தால் யாருக்கும் வலிக்காது என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை.

சனிக்கிழமை சாயங்காலங்களில் அப்பா பாட்டுச் சொல்லிக்கொடுக்கப் போகிறார். முதல் நாள் திரும்பி வந்தவர் வாசலிலேயே செருப்பைக் கழற்றாமல் நின்று சிரிக்கிறார், பேச்சு வரவில்லை. கடைசியில் சொன்னார், நம் ழகரம் அவர்கள் நாக்கில் வரவே மாட்டேன் என்கிறதாம். நித்திய வாழ்வு என்று பாடச் சொன்னால் அத்தனை பேரும் சேர்ந்து கண்ணை மூடி உருக்கமாக நித்திய வால்வு என்று பாடுகிறார்களாம். "நாப்பது வருஷம் வால்வு மாத்தினேன், நித்திய வால்வு ஒண்ணு இருக்குன்னு ஒரு பயலும் எனக்குச் சொல்லல" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார், ஆபரேஷன் பண்ணின கண்ணில் தண்ணீர் வந்துவிடப்போகிறது என்று நான் அதட்டினேன். ரத்தம் எடுக்கிற அந்தப் பெண் அவரை இப்போது ஐயா என்று கூப்பிடுவதில்லை, வாத்தியார் என்கிறாள், அதில் அவருக்கு ஏக பெருமை. அவரும் அவர்கள் பாட்டு இரண்டு கற்றுக்கொண்டிருக்கிறார், உச்சரிப்பு எப்படி என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும், அவர் பாடும்போது அந்தக் கிழவி அம்மா வாயில் துணியை வைத்துக்கொண்டு குலுங்குகிறாராம். கஷ்டம் இல்லாமலும் இல்லை. அடுக்களை அலமாரி யாருக்கு எத்தனை தட்டு என்பதில் போன வாரம்கூட ஒரு முணுமுணுப்பு, ஹாலில் எங்கள் சில பேருக்குக் காற்று போதவில்லை, ஆயர் யார் வருவார் என்று இன்னும் தெரியவில்லை. ஒரு வருஷம் முடிந்து உட்காரும்போது வேண்டாம் என்றுகூட முடிவாகலாம். கேள்விக்காரம்மா அதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் போனார், முடிவு பண்ணுகிறது ஒரு நாள் வேலை இல்லை, பண்ணின பிறகு ஒருத்தரோடு ஒருத்தர் சேர்ந்து இருக்கிறதுதான் வேலை என்றார்.

போன ஞாயிறு முதன்முதலாக எல்லோரும் ஒன்றாகப் பெரிய ஆலயத்தில் கூடினோம். பெஞ்செல்லாம் நிறைந்து நான் அந்த இடத்தைப் பார்த்து ரொம்பக் காலமாகிறது. அச்சக அண்ணனுடைய வழக்கமான இடத்தில் ஒரு குடும்பமே உட்கார்ந்திருந்தது, அவர் என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார், அவர்கள் ஒதுங்கி இடம் விட்டார்கள், அவர் மடியில் ஒரு குழந்தையை வைத்துவிட்டார்கள். அன்றைக்குப் பிரசங்கம் ரொட்டிக்கடைக்காரர். அவர் ராத்திரி முழுக்க அடுப்படியில் நின்றுவிட்டு நேரே அங்கிருந்து வந்திருக்கிறார், சட்டைக் கையில் மாவு அப்படியே இருந்தது. முன்பெஞ்சில் உட்கார்ந்தார். பிரசங்கத்துக்கு முன்னால் பாட்டு, எல்லோரும் எழுந்து நின்றோம், நாங்கள் எங்கள் பாஷையில், அவர்கள் அவர்கள் பாஷையில், ஒரே ராகம். முதல் அடி முடிவதற்குள், எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்தே இருந்தவருடைய தலை சாய்ந்துவிட்டது. நல்ல தூக்கம், வாய் லேசாகத் திறந்திருக்கிறது. பாட்டு முடிகிற நேரம் அவர் மகள் எழுப்பலாம் என்று கையை நீட்டினாள். அப்பா ஆர்கனிலிருந்து பார்த்துவிட்டார், அவளைப் பார்த்துத் தலையை ஆட்டி வேண்டாம் என்றார், பாட்டை நிறுத்தாமல் முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். முதலில் யாருக்கும் புரியவில்லை, தப்பாக வாசிக்கிறார் என்று நினைத்தோம், பிறகு ஒருவர் பின் ஒருவராக முன்பெஞ்சைப் பார்த்துப் புரிந்துகொண்டோம். மறுபடி பாடினோம். முடிந்தது, அவர் அசையவில்லை, அப்பா மறுபடி ஆரம்பித்தார். குரலைத் தாழ்த்திக்கொள்ளும்படி கையால் காட்டினார், அந்தப் பெரிய கூட்டம் அப்படியே தணிந்து, ஒரு குழந்தையைத் தூங்க வைக்கிற மாதிரி பாடியது. எத்தனை முறை என்று நான் எண்ணவில்லை. கால் வலிக்கிற கிழவிகள்கூட ஒருத்தரும் உட்காரவில்லை, எங்கள் பக்கத்து ஆட்களும்தான், எப்போதும் கடிகாரத்தைப் பார்க்கிறவர்கள். கடைசியில் அவரே விழித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு அவசரமாக மேடைக்குப் போய், மன்னிக்க வேண்டும், ஒரு நிமிஷம் கண் அசந்துவிட்டது என்றார். மகள் அதை அப்படியே எங்களுக்குத் திருப்பிச் சொன்னாள், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். உன் அப்பா கையைக் கட்டிக்கொண்டு பிரசங்கம் கேட்க உட்கார்ந்தார்.

இதுதான் நடந்தது மகளே, இதைத்தான் கொடுத்துவிட்டோம் என்று சொன்னார்கள். உன்னையும் மாப்பிள்ளையையும் பேத்தியையும் கர்த்தர் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும், வேலையில் உனக்குப் பொறுமையும் வீட்டில் உனக்குச் சிரிப்பும் குறையாமல் தரட்டும். குழந்தை எதையாவது பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்துவிட்டாள் என்றாய், ஜன்னல் ஓரத்தில் போட்டிருக்கிற அந்த நாற்காலியை இன்றைக்கே தள்ளிப் போடு, நாளைக்கு என்று விடாதே.

அன்போடும் ஜெபத்தோடும்
உன் அம்மா

அப்பா தானும் ஒரு வரி எழுத வேண்டும் என்று பேனாவை வாங்கினார், பிறகு, "நீ எல்லாத்தையும் எழுதிட்ட, நான் என்னத்த எழுதுறது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவருடைய முத்தத்தையும் இதோடு சேர்த்துக்கொள்.